சாட்சிக்கு ஒரு வீடியோ

புருஷன் போன முதல் வருஷத்து ஆட்டைத் திவசம்கூட முடியாத ஒரு விதவை, ஞாயிற்றுக்கிழமை காலையில், மலேசியாவின் கிள்ளான் ஏரிப் பூங்காவில், ஆரஞ்சு நிற டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு உடற்பயிற்சி நடனக் கூட்டத்தோடு இடுப்பை ஆட்டினால் பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்?

வயிறு எரிந்தது என்றுதான் ராஜினி பிறகு எல்லாரிடமும் சொன்னாள். உண்மையில் அவள் வயிற்றில் யாரோ பால் வார்த்தது போல இருந்தது.

காரணம் இருக்கிறது. ஆடிக்கொண்டிருந்தவள் குணபூசணி. வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் மைக் முன்னால் உட்கார்ந்து தேவாரத்தைத் தொடங்கி வைக்கிறவள். அந்த இடத்தின் மேல் ராஜினிக்குப் பல வருஷமாக ஒரு கண். கோயில் தலைவர் யோகநாதன்தான் குறுக்கே நின்றார். குரல் இருக்கிறது, தாளம்தான் நிற்க மாட்டேன் என்கிறது என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். கோயில் மாதர் பிரிவுத் தலைவியான அவளிடம் பேசுகிற பேச்சா அது?

பாட்டு முடிந்ததும் ராஜினி நேரே போய் நின்றாள். சுற்றிலும் சீன ஆன்டிகள், மலாய் அம்மாக்கள். தமிழ் புரியாது என்ற தைரியத்தில் குரலை உயர்த்தியே கேட்டாள்.

"அக்கா, அத்தான் போய் ஒரு வருஷம் ஆகலை. நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

குணபூசணி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒன்பது வருஷம் அவரைப் படுக்கையில புரட்டிப் போட்ட இடுப்பு இது, ராஜினி. இப்பதான் என் பேச்சைக் கேக்குது. ஆடட்டும் லா."

அந்த ஒன்பது வருஷத்தில் அந்த நாலு பேர் எங்கே போயிருந்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. ராஜினி ஒரே ஒரு முறை போயிருந்தாள். மைலோ டின்னை மேசையில் வைத்துவிட்டு, மருந்து வாடை தாங்காமல் உட்காராமலே திரும்பி வந்தவள். அதெல்லாம் இப்போது அவள் நினைவுக்கு வரவில்லை.

தள்ளிப் போய் ஒரு மரத்தின் பின்னால் நின்று, அடுத்த பாட்டை வீடியோ எடுத்தாள். மாதர் பிரிவு வாட்ஸ்அப்பில் போட்டாள். "நம்ம தேவார அக்காவின் துக்கம் எப்படிப் போகுது பாருங்க" என்று ஒரு வரியும் எழுதினாள்.

யாரும் காறித் துப்பவில்லை. ஆனால் கேள்விகள் வந்தன. எந்தப் பூங்கா, எத்தனை மணிக்கு, எந்த கேட் வழியாகப் போகணும், கார் நிறுத்த இடம் கிடைக்குமா?

நேரில் பார்த்துவிட்டுத்தான் திட்டுவார்கள் போலிருக்கிறது என்று ராஜினி மகிழ்ந்துபோனாள். ஏழரை மணி, பின்பக்க கேட், நிழலான பார்க்கிங் என்று ஒன்று விடாமல் பதில் போட்டாள்.

யோகநாதனுக்கும் அந்த வீடியோ போனது. அவர் அந்தக் காலத்து அரசாங்க உத்தியோகஸ்தர், எதிலும் நிதானம். தூரத்தில் எடுத்திருப்பதால் முகம் தெரியவில்லை, தெளிவாக ஒன்று அனுப்பினால் நவராத்திரிக்கு முன்னால் ஒரு முடிவு எடுத்துவிடலாம் என்றார்.

அடுத்த ஞாயிறு ராஜினி வேளையோடு கிளம்பினாள். மாமியார் வள்ளியம்மாவின் அறை சாத்தியிருந்தது. முழங்கால் வலி என்று கட்டிலிலேயே காப்பி வாங்கிக் குடிக்கிற மாமியார். தூங்கட்டும் என்று காப்பியை பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டுப் போனாள்.

அதே மரத்தின் பின்னால் நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள்.

குணபூசணிக்குப் பக்கத்தில் பிரேமினி. அவளுக்குப் பின்னால் வாணி. பட்டுச் சேலை கசங்கும் என்று கோயிலில் குனிந்து ஒரு தட்டைக்கூட எடுக்காத மாதர் பிரிவு மொத்தமும் டிராக் சூட்டில் நின்றது. முன்வரிசையில், இரண்டு முழங்காலையும் மாற்றி மாற்றி இடுப்புக்கு மேலே தூக்கிக்கொண்டு வள்ளியம்மா.

ராஜினிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஒருத்தியையும் விடக் கூடாது. ஒவ்வொரு முகமாக நிறுத்தி எடுத்தாள். சாட்சிக்கு அரை நிமிடம் போதும். ஆனால் பாட்டு முடிகிற வரைக்கும் எடுத்தாள். அடுத்த பாட்டு ஆரம்பித்தது, அதையும் எடுத்தாள். அது இன்னும் கொஞ்சம் வேகமான பாட்டு.

"இவங்க யாரும் இனி கோயில் மைக்கைத் தொடக் கூடாது" என்று எழுதி அங்கிருந்தே யோகநாதனுக்கு அனுப்பினாள். கார்க் கதவைத் திறப்பதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார்.

"பார்த்தேன் தங்கச்சி. முகமெல்லாம் நல்லாத் தெரியுது. இதை எடுத்தது யாரு?"

"நான்தான் அண்ணே. வேற யாருக்கு இந்த அக்கறை இருக்கு?"

அந்தப் பக்கம் அந்தப் பாட்டே மறுபடி ஓடுகிற சத்தம் கேட்டது.

"நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ராஜினி போட்டுப் பார்த்தாள்.

பெண்கள் ஆடினார்கள். அவர்களோடு ஏரியும் ஆடியது. மரங்களும் இளநீர்க் கடையும் வலது பக்கம் இரண்டு குதி, இடது பக்கம் இரண்டு குதி, நடுவில் ஒரு சின்னச் சுழற்றல் என்று திரை முழுக்கக் குதித்துக்கொண்டிருந்தன.

இரண்டு பாட்டு முழுக்க ராஜினியின் தாளம் ஓர் இடத்தில்கூடத் தப்பவில்லை.