முயல் ஓட்டிய கார்

பக்கவாதம் வந்ததிலிருந்து ஞானதுரையின் இடது கை மடியிலேயே கிடந்தது. லாரி ஓட்டிப் பழகிய கை. மருத்துவர் சொன்ன பயிற்சிகளை, "எதுக்குட்டி, அது செத்துப் போச்சு" என்று மனைவியிடம் சொல்லி நிறுத்திவிட்டார். அன்று மூவரும் ஒரு வணிக வளாகத்துக்கு வந்திருந்தார்கள்; மகள் துணி எடுக்கப் போயிருந்தாள். அங்கே உட்கார வேறு இடமில்லாததால், மனைவி ரோசம்மாள் அவரை வீடியோ கேம் இருக்கையில் உட்காரவைத்து, ஒரு டோக்கனும் வாங்கிப் போட்டாள். திரையில் ஒரு முயல் சிவப்புக் கார் ஓட்டியது. அவர் வலது கையால் ஸ்டியரிங்கைத் திருப்பினார். மலை வளைவில் கார் ஆற்றில் விழுந்தது. முயல் நனைந்து கரையேறி, காதுகளை உதறிவிட்டு, மறுபடியும் காரில் ஏறிக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தது.

"ஒடிச்சுத் திருப்புல, மடப்பய முயலே!" என்று கத்தினார்.

அடுத்த வளைவில் அவருடைய இடது கை நடுங்கியபடி எழுந்து ஸ்டியரிங்கைப் பிடித்தது. அவர் கவனிக்கவில்லை. ரோசம்மாள் கவனித்தாள். சொன்னால் கை விழுந்துவிடுமோ என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கார் பாலத்தைத் தாண்டியது.

ஆட்டம் முடிந்த பிறகுதான் அவர் குனிந்து இடது கையைப் பார்த்தார். "ஏட்டி, இது எப்ப வந்துச்சு?"

"இப்பதாங்க. அந்தப் பிள்ளை விழுந்து எந்திச்சு ஒங்களப் பாத்துச்சுல்லா, அதுக்குப் பொறவு."

அவள் திரையில் முயலின் தலையைத் தடவினாள். "நல்லா இரு மக்கா."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல அவளுக்கும் தைரியம் வரவில்லை.