ஒருமை

"இந்தப் படத்துல எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்டார் தேர்வாளர்.

"ஒருத்தர் சார்."

"ஒருத்தர்தானே? அப்புறம் எதுக்கு 'தே ஆர் ஸ்வீப்பிங்'னு சொன்னீங்க? 'தே'ன்னா நிறைய பேர் ஆச்சே."

படத்தில் ஒரு கிழவர் தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்தார். பேச்சுத் தேர்வுக்கு வந்திருந்த பெண்மணி படத்தை இன்னொரு முறை குனிந்து பார்த்தார்.

"ஒருத்தர்தான் சார். ஆனா வயசானவங்க."

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. மாலை நேர ஆங்கில வகுப்பில் அவருக்குப் பெயரே 'தே அக்கா'தான்.

மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அவருக்கு வேலை தயாராக இருந்தது. வெளிநாட்டு நோயாளிகள் வந்துபோகிற இடம். ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேறிவிட்டால் உடனே சேர்ந்துகொள்ளலாம். ஏற்கெனவே இரண்டு தடவை தவறியாயிற்று. இனி வேலை காத்திருக்காது.

தேர்வாளர் ஆசிரியையின் பக்கம் திரும்பினார். "இத்தனை நாளா என்னம்மா சொல்லிக்கொடுத்தீங்க?"

"பேசும்போது நடுவுல புகுந்து திருத்தக் கூடாதுன்னு பயிற்சியில சொன்னாங்க சார். முதல்ல தைரியம் வரட்டும், இலக்கணம் பின்னாலயே வரும்னு."

"தைரியம் வந்து இறங்கியாச்சு. இலக்கணம் இன்னும் பஸ் ஏறலை போலிருக்கு."

ஆசிரியை எதையும் விட்டுவைத்தவர் இல்லை. படம் காட்டினார். பொம்மைகளை வைத்துப் பேசச் சொன்னார். ஜோடியாக உட்காரவைத்து, எதிரில் இருப்பவரைப் பற்றி வகுப்புக்குச் சொல்லவைத்தார். தே அக்காவுக்கு எல்லாமே வந்தது. நாற்காலிக்கு 'இட்' வந்தது, மழைக்கு 'இட்' வந்தது. மனிதர் என்று வந்தால் மட்டும் 'தே'.

"பள்ளிக்கூடத்துல 'ஹி'ன்னா அவன், 'ஷி'ன்னா அவள்னு மனப்பாடம் பண்ணியிருக்காங்க சார். யாரையும் அவன், அவள்னு சொல்ல அவங்களுக்கு நாக்கு வரலை. மனசுக்குள்ள 'அவங்க'ன்னு நினைச்சுக்கிட்டு 'தே' போட்டுடறாங்க."

தேர்வாளர் பொறுமையாகச் சொன்னார்: "இங்கிலீஷ்ல அந்தப் பேதமே இல்லைம்மா. ராஜாவும் 'ஹி'தான், ராஜாவோட குதிரைக்காரனும் 'ஹி'தான்."

"குதிரைக்காரர்" என்று முணுமுணுத்தார் தே அக்கா. சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "புத்திக்குப் புரியுது சார். வாய்க்குத்தான் புரியலை."

கதவருகே நின்றிருந்த அவர் கணவர் உரக்கச் சிரித்தார். தினமும் மனைவியை வண்டியில் கொண்டுவந்து விட்டு, வகுப்பு முடியும்வரை வாசலிலேயே காத்திருந்து கூட்டிப்போகிறவர். இப்படி ஒரு மனுஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று மற்ற பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

"எனக்கு ஏபிசிடியே தெரியாது சார்" என்றார் கணவர். "ஆனா இவ மண்டையில இது ஏறாதுன்னு மட்டும் நல்லாத் தெரியும். இன்னைக்கும் தேறலைன்னா இத்தோட மூட்டை கட்டிடுன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். பேசாம வீட்டுல இருக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். தே அக்காவும் சிரித்தார்.

அடுத்த படத்தில் ஒரு பேருந்து ஓட்டுநர். 'தே'. அதற்கடுத்து, கீழே விழுந்து அழுகிற ஒரு கைக்குழந்தை. தே அக்கா தயங்கினார். உதடு 'ஹி' வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

"தே ஆர் கிரையிங்."

"குழந்தைக்குமா?"

"யார் வீட்டுப் பிள்ளையோ சார்."

இந்த முறை தேர்வாளர் கேலி பேசவில்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து பிழைகளைத் திருத்தியே பழகியவர். ஒரு பிழைக்கு முன்னால் எழுந்து நிற்க வேண்டும்போல அவருக்குத் தோன்றியது இதுதான் முதல் தடவை. ஆனாலும் பிழைக்கு மதிப்பெண் போட முடியாதே.

"கடைசியா ஒரு கேள்வி. அதுல சரியா வந்தா தேத்தி விட்டுடறேன். உங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லுங்க."

போச்சு என்று ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டார். கைக்குழந்தைக்கே இவ்வளவு மரியாதை என்றால் கணவருக்குக் கேட்கவா வேண்டும்.

தே அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மை ஹஸ்பண்ட். ஹி டிரைவ்ஸ் எ வேன். ஹி வெயிட்ஸ் அவுட்சைட். ஹி லாக்ஸ் த டோர். ஹி ஸ்லீப்ஸ் வெல்."

தடுமாற்றம் இல்லை, யோசனை இல்லை. பாதிப் பேர் விழுங்கிவிடுகிற கடைசி 'ஸ்' கூட ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது. புரிந்த ஒரே சொல் 'ஹஸ்பண்ட்' என்பதால் கணவரும் பூரித்துப்போய்த் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"இதைத்தாம்மா இவ்வளவு நேரமாக் கேட்டேன்" என்றார் தேர்வாளர். "தேறிட்டீங்க. வீட்டுக்காரரை நினைச்சதும் இங்கிலீஷ் தானா வருது பாருங்க."

கைதட்டல் ஓய்ந்தது. கணவர் வண்டியைக் கிளப்பப் போனார். ஆசிரியைக்கு ஆச்சரியம் தாளவில்லை. தே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் எத்தனையோ வித்தை காட்டிப் பார்த்தேன், வரலை. வீட்டுக்காரருக்கு மட்டும் எப்படிக்கா வந்தது 'ஹி'?"

தே அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவனுக்கு அது போதும் டீச்சர்."