காத்தூன் பீவியின் குப்பைமேடு

"இந்தா பீவி, பொறுக்கிக்க! இதுக்குத்தானே நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிற?"

புஷ்பவல்லி வேலிக்கு மேல் வாளியைக் கவிழ்த்தாள். மரவள்ளித் தோலும் அழுகிய கீரைத்தண்டும் பக்கத்து வீட்டுக் குப்பைமேட்டில் சொத்தென்று விழுந்தன. அந்தப் பக்கம் நின்ற காத்தூன் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "போடி வாயாடி" என்று முணுமுணுத்தபடி குச்சியால் அதைப் பரப்பிவிட்டாள்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீட்டு வரிசையில் இது தினப்படிக் கூத்து. ஜப்பான்காரன் வந்த பிறகு அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிதாகிவிட்டது. தோல், சருகு, எச்சில் எதையும் வீணாக்காமல் மட்கவைத்து, வீட்டுக்கு வீடு மரவள்ளி போட வேண்டும் என்று உத்தரவு.

மற்றவர்கள் ஏனோதானோவென்று ஒரு குழி வெட்டினார்கள். விதவையான காத்தூன் பீவிக்கோ இருந்தது ஒரு துண்டுக் கொல்லை. குண்டு விழுந்த நாட்களில் சமையலறைச் சுவரை ஒட்டி வெட்டிய பதுங்கு குழியைப் பலகை போட்டு மூடி, அதன் மேல் மலைபோலக் குவித்துவிட்டாள். போதாததற்கு ஊரார் வீட்டுக் கழிவையெல்லாம் கேட்டுக் கேட்டு வாங்கினாள்.

நாற்றம் குடலைப் பிடுங்கியது. மேலே கொஞ்சம் மண்ணும் அடுப்புச் சாம்பலும் தூவினால் அடங்கிவிடும். அவள் தூவவே இல்லை.

"ஒரு கை மண்ணள்ளிப் போட வக்கில்ல, இவளுக்கு உரம் ஒரு கேடு! இவ பக்கத்துல குடியிருக்கிறதுக்குச் சுடுகாட்டுல குடியிருக்கலாம்" என்று புஷ்பவல்லி கத்துவாள். வரிசைக்குள் புதுமுகம் எதுவும் நுழைந்துவிட்டால் அவள் தொண்டை இன்னும் பெரிதாகும்.

அந்த வாய்க்குத் தப்பியவர் யாருமில்லை. பட்டறையில் ஃபிட்டராக இருந்த அவள் புருஷன் கன்னையா, போனவர் திரும்பாத சயாம் ரயில்பாதைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடிக்கத் தொடங்கிய சமயத்தில் காணாமல் போனான். "எவளையோ இழுத்துக்கிட்டு ஈப்போவுக்கு ஓடிட்டான். த்தூ, அவனும் ஒரு ஆம்பளையா?" என்று அவளே தெருவில் நின்று காறித் துப்பினாள்.

"இவகிட்ட எவன்தான் இருப்பான்?" என்று எதிர்வீட்டு இராஜம்மா சிரித்தாள். வரிசையே சேர்ந்து சிரித்தது.

அன்று காலை தம்புசாமி வந்தார். அக்கம்பக்கத்துச் சங்கத்துக்குத் தலைவர். ஜப்பான்காரன் கொடுத்த துணிப்பட்டையைக் கையில் கட்டிய நாள் முதல் கால் தரையில் பாவாத மனிதர். கூடவே நீளமான இரும்புக் கம்பியோடு ஒரு ஜப்பானியச் சிப்பாய். உரக்குழிச் சோதனை என்று பெயர். பதுக்கிய அரிசியையும் பதுங்கிய ஆட்களையும்தான் தேடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

முனை வீட்டு அய்யாவுவின் குழியில் கம்பி டங்கென்று இடித்தது. ஒரு டின் அரிசி. அவரை அடித்து இழுத்துப்போய் லோரியில் ஏற்றினார்கள்.

அடுத்து காத்தூன் பீவியின் கொல்லை.

தம்புசாமி மூக்கைப் பொத்திக்கொண்டார். "இதென்னம்மா உரமா, நரகமா? மனுஷி இருக்கிற இடமா இது?" காத்தூன் பீவியின் உதடுகள் மட்டும் ஓதிக்கொண்டிருந்தன. சிப்பாய் குப்பைமேட்டில் ஏறிக் கம்பியை ஓங்கினான்.

அந்த நேரம் பார்த்து வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடிவந்தாள் புஷ்பவல்லி. கையிலிருந்த தகர வாளியைக் கட்டையால் டம் டம்மென்று அடித்தாள்.

"பாருங்கய்யா! நல்லாப் பாருங்க இவ லட்சணத்த! பீவி, நீ நாசமாப் போக! உன்னால என் வீட்டுல ஒரு வாய் சோறு இறங்குதாடி?"

கத்திய கத்தில் தொண்டை கிழிந்துவிடும் போலிருந்தது. வாளியில் இருந்த மீன் குடலை அப்படியே காத்தூன் பீவியைப் பார்த்து வீசினாள். குறி தப்பி, பாதிக்கு மேல் சிப்பாயின் சட்டையிலும் முகத்திலும் போய் வழிந்தது.

சிப்பாய் "பாக்கெரோ!" என்று தன் மொழியில் வைது உறுமிக்கொண்டு குதித்து இறங்கினான். விட்ட அறையில் புஷ்பவல்லி வேலியோரம் போய் விழுந்தாள். பூட்ஸ் காலால் ஒரு உதை. விழுந்த பிறகும் அவள் வாய் ஓயவில்லை. வாளியைத் தரையில் மோதி மோதிக் காத்தூன் பீவியை ஏசிக்கொண்டே இருந்தாள்.

சிப்பாய் குமட்டலோடு தெருக்குழாயைத் தேடி ஓடினான். "சீ! ரெண்டும் பன்னி ஜென்மம்" என்று துப்பிவிட்டுத் தம்புசாமியும் பின்னாலேயே ஓடினார். அதன் பிறகு அவர்கள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நல்லா வேணும் இவளுக்கு. இத்தனை நாள் ஆடின ஆட்டத்துக்கு இன்னிக்குத்தான் கூலி கெடச்சிச்சு" என்றாள் இராஜம்மா. யாரும் போய்த் தூக்கிவிடவில்லை.

லோரிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. எதிர்வீட்டுச் சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

புஷ்பவல்லி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தன் வீட்டுக்குப் போகாமல், காத்தூன் பீவியின் சமையலறைக்குள் நுழைந்தாள். காத்தூன் பீவி கதவைத் தாழிட்டாள். முக்காட்டு நுனியைத் தண்ணீரில் நனைத்து அவள் உதட்டு ரத்தத்தை மெல்ல ஒற்றி எடுத்தாள். இருவர் கண்களும் நிறைந்திருந்தன.

பிறகு மூலையில் இருந்த விறகுக் கட்டைகளை நகர்த்தி, சுவரோடு சாத்தியிருந்த பலகையைத் தள்ளினாள். பதுங்கு குழிக்குள் இறங்கும் வழி இருட்டாகத் தெரிந்தது.

புஷ்பவல்லி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, கம்மிப்போன குரலில் கேட்டாள்:

"அக்கா, எங்க வீட்டுக்காரரு இருமினது வெளிய கேட்டுச்சா?"