இதர ஒலிகள்

அந்தக் காட்டில் யார் இறந்தாலும் நரி வந்து ஊளையிட்டு வழியனுப்பும். காட்டுச் சபையின் கலைப் பட்டியலில் குயிலின் கூவலுக்கும் மயிலின் அகவலுக்கும் கீழே ஊளையும் ஒரு வரியாக இருந்தது. ஒரு கோடையில், 'ஊளை' அமங்கலமான சொல் என்று சபை அதை நீக்கச் சொன்னது. பட்டியலை மரத்தில் செதுக்கிவைக்கும் மரங்கொத்தி அந்த வரியைக் கொத்தி எடுத்துவிட்டது.

நரி வந்து பார்த்தது. "என்னை எங்கே காணோம்?"

"கடைசியில 'இதர ஒலிகள்'னு போட்டிருக்கேனே, அதுல நீயும் உண்டு. சொல்லைத்தானே எடுத்தோம் அண்ணே, உன்னையா எடுத்தோம்?" என்றது மரங்கொத்தி.

அதன் பிறகு நரிக்கு அழைப்பே வரவில்லை. சாவு வீடுகளுக்கும் குயிலையே அனுப்பினார்கள். அது வசந்தத்தைப் பாடிவிட்டுப் போனது. நரி குன்றுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டது.

மூன்றாம் வருடம் யானைக்கூட்டத்தின் மூத்தவள் இறந்தாள். அவள் தங்கை குயிலைத் திருப்பி அனுப்பிவிட்டு, நரியைத் தேடித் தானே குன்றேறினாள்.

நரி வந்து உடலருகே நின்று தலையைத் தூக்கியது. ஊளை எழுந்ததும் மான்குட்டிகள் மிரண்டு ஓடின. பிறந்ததிலிருந்து அவை அதைக் கேட்டதே இல்லை. தாய்மான்களும் பின்னால் ஓடின. நரிக்குக் கூச்சமாகிவிட்டது, பாதியில் நிறுத்திக்கொண்டது.

"பிள்ளைங்க பயப்படுதும்மா. போதும்."

தங்கை யானை அக்காவின் நெற்றியிலிருந்து தும்பிக்கையை எடுக்கவில்லை.

"முடிச்சுட்டுப் போப்பா," என்றாள். "அக்கா இன்னும் பாதி வழியிலதான் நிக்கிறா."