உள்ளறை இருமல்

உள்ளறையில் ஓவியர் வெனான்சியோ இருமினார். ஒரு தடவை, இரண்டு தடவை, அப்புறம் இழுத்துக்கொண்டு மூன்றாவது.

வாசலில் நின்ற குவால்தியேரி சட்டென்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். ஃபெராரா பிரபுவின் வாய்க்கால் அதிகாரி அவர். மனுஷன் நோய்க்குப் பயப்படுகிறார் என்று ஓவியரின் மனைவி ஓர்சோலாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"மூணு வருஷமாவாம்மா இந்த இருமல்?"

"வெளிச்சம் பட்டாலே இழுக்குதுங்க. யாரையும் பார்க்க மாட்டேங்கறார்."

"படம் மட்டும் தவறாம வந்துடுது! வெள்ளம் ஏறினா தானா மூடிக்கிற மதகு... பிரபு அசந்துட்டார். ஆனா ஒண்ணு. வரைஞ்ச கை எதுவோ, அந்தக் கை என் கண் முன்னால ஒப்பந்தத்துல எழுதணும். இல்லேன்னா வேலை மிலான்காரனுக்கு, உங்க பட்டறைக்குப் பூட்டு."

ஓர்சோலா மேசைக்கடியில் இருந்த பலகையைக் காலால் மிதித்தாள். சுவருக்கு அப்பால் துருத்தி அமுங்கி, குழாயில் காற்று ஏறி, ஓவியர் மறுபடி இருமினார்.

அவர் செத்து மூன்று வருஷம் ஆயிற்று. கொள்ளைநோய்க்குப் பயந்து தெருவே கதவடைத்துக் கிடந்த காலை அது. முகத்தை மூடிக் கறுப்பு முக்காடு போட்ட, பிணம் அடக்கும் தர்மசபைக்காரர்கள் இரண்டு பேர் வந்து தூக்கிப் போனார்கள். செத்தது யார் என்று அவர்கள் கேட்கக் கூடாது, தூக்கியது யார் என்று வீட்டார் கேட்கக் கூடாது. சபை வழக்கம் அப்படி.

படம், மதகு, நீர்க்கடிகாரம் எல்லாம் அவர் இருந்தபோதே இவள் மூளைதான். பெயர் மட்டும் அவருடையது. பெண்பிள்ளை பட்டறை நடத்த இந்த ஊரில் யார் விடுவார்கள்? அதனால் செத்தவரைச் சாகவிடாமல் வைத்திருந்தாள். பாவம், இப்போதெல்லாம் பலகையை மிதிக்காதபோதும் அவளுக்கு அந்த இருமல் கேட்கிறது.

"காகிதத்தைக் குடுங்க, உள்ள போய் எழுதி வாங்கிட்டு வரேன்." கையை நீட்டினாள்.

குவால்தியேரி கொடுக்கவில்லை. ஒப்பந்தத்தை மேசைமேல் விரித்தார். இறகுப் பேனாவை மையில் தோய்த்து அவளிடமே நீட்டினார்.

"உங்க பேரை எழுதுங்கம்மா."

"என் பேரா? ஐயோ, வீட்டுக்காரர் உயிரோட இருக்கறப்போ நான் எப்படிங்க...?"

அவர் தொப்பியைக் கழற்றினார். குரல் தாழ்ந்தது.

"முக்காடு போட்டுக்கிட்டு அவரைக் குழியில இறக்கினதே நான்தாம்மா."