கருங்காலிக்கு ஒரு பெயர்ப்பலகை

“அந்தக் கருங்காலியின்ட பேர எங்கட ஸ்கூல் சுவரில எழுதினா, அடுத்த நாளே வந்து நான் தார் பூசுவன்!”

ஹெக்டர் போட்ட சத்தத்தில், வாய்க்குக் கொண்டுபோன ரோல்ஸைப் பலர் பாதி வழியில் நிறுத்திவிட்டார்கள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு கல்லூரியின் பழைய மாணவர் சங்கக் கூட்டம். புதிய கூடைப்பந்துத் திடலுக்குச் செத்துப்போன றொஹானின் பெயரை வைப்பதா, வேண்டாமா என்பதுதான் பேச்சு. கல்லூரிக்கு முதன்முதலாக அகில இலங்கைக் கப்பைக் கொண்டுவந்தவன் றொஹான்.

ஹெக்டர் இந்தக் கூட்டங்களுக்கு வருவதில்லை. றோட்டில் தன்னைக் கண்டால் கார்க் கண்ணாடியை ஏற்றுகிறவன், வருஷத்துக்கு ஒருநாள் இங்கே வந்து ‘மச்சான்’ என்று கட்டிப்பிடிப்பான். அந்தக் கூத்து அவருக்கு ஒத்துவராது. ஆயுள் முழுக்கத் தொழிற்சங்கத்தில் கிடந்த மனுஷன். இன்றைக்கு வந்தது இந்த ஒரு பெயரை மறிக்கத்தான். அவர் கை தூக்கினால் கொட்டாஞ்சேனைப் பழைய ஆட்கள் எல்லாரும் தூக்குவார்கள் என்பது சபைக்குத் தெரியும்.

“விவரமாச் செல்லுங்க ஹெக்டர்” என்றார் அதிபர் பாதர்.

“செல்லுறன் பாதர். கிராண்ட்பாஸ் தேயிலைக் கம்பனியில நாங்க ஸ்ட்ரைக். றொஹானும் எங்கட யூனியன் ஆள்தான். பந்து விளையாடுறதுக்கென்டே கம்பனி வேலை குடுத்து வச்சிருந்தது. கம்பனிகளுக்கான கப் பைனல் அன்டைக்கு, கிரவுண்ட் கேட்டுக்கு வெளியில நின்டு ‘போகாத மல்லி, போகாத தம்பி’ என்டு கத்துறம். மொதலாளிமாரின்ட வேன்ல குந்திக்கொண்டு உள்ளுக்குப் போனான்!”

“அன்டைக்குக் கம்பனி தோத்ததுதானே அண்ணே?” என்றது பின்வரிசை.

“தோத்ததுதான். நாங்க வெளியில பட்டாசு கொளுத்தினம்!”

சபை சிரித்தது.

“மேட்ச் எப்பிடி, நல்ல மேட்சா?”

“எனக்கென்ன தெரியும்? அந்தக் கேட்டுக்குள்ள கால் வைக்காததுதான் என்ட பெருமை. பிறகு அவனையும் கறிவேப்பிலை மாதிரி எடுத்து வீசினாங்க. நல்லா வேணும். ஒருநாள் யூனியன் கந்தோருக்கு வந்தான், ‘அண்ணே, ஒரு விஷயம் செல்லோணும்’ என்டு. வாசல்லயே துப்பி அனுப்பினன்.”

கைதட்டல். எல்லாரையும் விடப் பலமாகத் தட்டியவர் பழைய மாணவர் சங்கத் தலைவர் நாகேந்திரம். வெள்ளவத்தையில் மாடி வீடு, நீல டை. அந்த நாளில் அதே தேயிலைக் கம்பனியின் மனேஜர். ஸ்ட்ரைக்கை உடைத்து, ஹெக்டரின் ஆட்களைப் புறக்கோட்டையில் மூட்டை தூக்க அனுப்பிய புண்ணியவான். ஹெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும், எதிரியே கைதட்டுகிறான் என்றால் தன் நியாயம் எவ்வளவு பலமானது என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு.

கடைசிக் கதிரையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். றொஹானின் மனைவி அருள்நாயகி.

“பாதர், அவர் சாகிற வரைக்கும் பின்னேரத்தில வந்து இந்தப் பிள்ளைகளுக்குச் சும்மாதான் பந்து பழக்கினவர். ஒரு சின்னப் பலகை போதும். மகளின்ட மகன் இங்கதான் படிக்கிறான். ‘ஒன்ட தாத்தா கருங்காலி’ என்டு பொடியன்மார் செல்லுறாங்களாம். அவன் ஸ்கூலுக்குப் போக மாட்டன் என்டு அழுறான்.”

“அப்ப அன்டைக்கு ஏன் போனவர் என்டு செல்லுங்க!” என்றார் ஹெக்டர்.

“எனக்கும் செல்ல இல்ல. ‘ஹெக்டர் அண்ணனுக்குத்தான் முதல்ல செல்லோணும்’ என்டுவார். நீங்கதான் கேக்க இல்லையே.”

“கருங்காலிக்குக் கதையா இல்ல?”

மறுபடியும் சிரிப்பு. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

“பெயர் வேண்டாம் எண்டுறவை கையைத் தூக்குங்கோ” என்றார் நாகேந்திரம்.

முதலில் எழுந்தது ஹெக்டரின் கை. முஷ்டி பிடித்த கை. அதைப் பார்த்து மற்றக் கைகள் எழுந்தன. கடைசியில் நாகேந்திரத்தின் மோதிரக் கையும். எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை. பெயர் போயிற்று.

கூட்டம் கலைந்தது. நாகேந்திரம் பற்றீஸ் தட்டோடு வந்து ஹெக்டரின் தோளில் கை போட்டார்.

“ஐசே ஹெக்டர், வாழ்க்கையில முதல்தரம் நீரும் நானும் ஒரே பக்கம்! எனக்கு அவனை மறிக்க வேணும். ஆனா காரணத்தை வாயால சொல்ல ஏலாது, கம்பனிக்கு மானக்கேடு. நல்லவேளை, நீர் வந்து முடிச்சுத் தந்தீர்.”

“என்ன காரணம்?”

“ஸ்ட்ரைக் நடந்தாலும் கம்பனி அசையேல்லை எண்டு காட்ட எனக்கு அந்தக் கப் வேணுமாய் இருந்தது. எல்லாப் பேப்பர்க்காரரையும் கூப்பிட்டு வச்சிருந்தன். கடைசி நிமிஷம், ஒரு புள்ளியால பின்னுக்கு நிக்கிறம். அவனுக்கு ரெண்டு ப்ரீ த்ரோ. கண்ணை மூடிக்கொண்டு எறிஞ்சாலும் வலைக்குள்ள விழுத்துறவன். ரெண்டையும் போர்டிலகூடப் படாமல் எறிஞ்சான். பயத்தில பிழைச்சுப் போச்சு எண்டு சனம் நினைச்சுது. நான் உடுப்பு மாத்துற அறைக்குப் போய்க் கழுத்தைப் பிடிச்சுக் கேட்டன், ஏன்ரா எண்டு.”

“என்ன சொன்னான்?”

நாகேந்திரம் பற்றீஸைக் கடித்தார்.

“‘எங்கட ஆக்கள் வெளியில வெயில்ல காயுறாங்க, ஒங்களுக்குக் கப் ஒரு கேடா சேர்?’ எண்டு முகத்துக்கு நேர கேட்டவன் ஐசே! அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பினன்.”

ஹெக்டர் திரும்பிப் பார்த்தார். கடைசிக் கதிரையில் யாரும் இல்லை. தோளில் நாகேந்திரத்தின் கை மட்டும் இருந்தது.