ஒரு விரல் கனம்

வேதத்தின் புதிய மொழிபெயர்ப்புக்கு ஒப்புதல் வந்துவிட்டால், அந்த வாரமே கல்லறைத் தோட்டத்துக் கற்களிலெல்லாம் பழைய வசனத்தைத் தேய்த்து அழித்துவிட்டுப் புதியதைச் செதுக்கியாக வேண்டும். பழைய சொல் செல்லாது. கல் வெட்டும் ஞானசிகாமணிக்குப் பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு.

ஐந்தாவது மொழிபெயர்ப்பின் பட்டியலோடு வந்த சபை அலுவலர் டெல்பினா ஒரு கல்லின் முன் நின்றாள். "இது யாரு கல்லு, அண்ணாச்சி? இப்படி மெலிஞ்சு போய் நிக்குது?"

"என் வீட்டுக்காரி செல்வரூபியோடதும்மா. வைக்கும்போது நாலு விரல் கனம். இப்ப ஒரு விரல்தான் மிச்சம்."

அவள் பட்டியலைப் பார்த்தாள். "இந்தக் கல்லு வசனத்துல மொதல்ல 'நித்திரை'. அப்புறம் 'துயில்', 'உறக்கம்', 'தூக்கம்'. இந்தத் தடவை 'ஓய்வு'. எல்லாம் ஒரே அர்த்தந்தானே?"

ஞானசிகாமணி உளியைக் கல்லில் வைத்தார். சுத்தியல் எழும்பவில்லை.

"இதுவரைக்கும் ஒண்ணுதாம்மா, அதனாலதான் வெட்டினேன். கடைசி நாள்ல ஆண்டவரு தூங்குறவங்களை எழுப்ப வருவாருல்லா? இவ ஓய்வுல இருக்கான்னு எழுதி வச்சா, தொந்தரவு பண்ண வேண்டாம்னு தாண்டிப் போயிட்டாருன்னா?"